மொட்டைத் தலையோடு ராக் அண்ட் ரோல்

திருத்தணியில் சென்னை ரயில் கிளம்பியதும், எனக்கு எதிரே சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தவர் மனைவியிடம் கேட்டார்: "இந்தத் தலையோட ராக் அண்ட் ரோல் பாடினா எவன் கேப்பான்?"

மெல்லிசைக் குழுவில் அவர் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஒருவரின் சினிமாப் பாட்டுகளை, அவரைப் போலவே முடியைத் தூக்கி வாரிக்கொண்டு பாடுபவர் என்பது பேச்சில் தெரிந்தது. குறைமாதத்தில் பிறந்த மகள் பிழைத்தால் முடி தருவதாக வேண்டுதல். மகள் இப்போது அம்மா மடியில் தூங்கினாள்.

"ஆஸ்பத்திரியில இவ கண்ணாடிப் பெட்டியில இருந்தப்ப தெனம் பக்கத்துல நின்னு பாடிகினு இருந்தியே, உன் முடியைப் பாத்தா கண்ணத் தொறந்தா?" என்றாள் மனைவி.

அவர் போனை எடுத்தார். "அண்ணே, நாளைக்குக் கச்சேரிக்கு டோப்பா தேட வேணாம். இப்படியே பாடறேன்."