தொட்டில்ல நிக்கிற தொரை

இல்லீங்கக்கா, நீங்க ராவு சுவத்துல தட்டுனது தப்புன்னு நான் சொல்லவே இல்லையே! தட்டுங்க. நல்லாத் தட்டுங்க. வரிசை வீட்டு லயத்துச் சுவருதானே! பாதிக்குக் கட்டி, மேல கூரை வரைக்கும் வெறுமனே விட்டுட்டுப் போயிட்டான் வெள்ளக்காரன்... ஒரு வீட்டுத் தும்மல் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரணும்ல! நீங்க தட்டுன ஒடனே நானும் இந்தப் பக்கமிருந்து கொஞ்சம் கத்திட்டேன். மன்னிப்பெல்லாம் கேக்கல, சும்மா சொல்றேன். நோட்டன் பிரிட்ஜ்லருந்து நீங்க இந்தத் தோட்டத்துக்குக் குடி வந்து ஒரு வாரம்கூட ஆகல. அதுக்குள்ள பக்கத்துக் காம்பரா இந்த ஜீவராணிக்குப் புள்ளயத் தூங்க வைக்கத் தெரியாதுன்னு உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. ரொம்ப சந்தோசம்.

வாளிய வைங்க, வைங்க. பீலிக் குழாயில தண்ணி நூலு மாதிரி வருது, அது நெறையற வரைக்கும் எங்க ஓடப் போறீங்க?

என்னது?... இருங்க, நான் சொல்லி முடிச்சிர்றேன்.

இந்தா இடுப்புல உக்காந்திருக்கானே, இவன் மூஞ்சியப் பாருங்க. பச்சப்புள்ள! பாலு வடியுது! பகல்ல பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டுத் தேயிலக் கொழுந்து எடுக்கப் போறேன்ல, அங்க ஆயாம்மா சொல்றாங்க, "சுமன் மாதிரி ஒரு புள்ள உண்டா, போட்ட எடத்துல தூங்குது"ன்னு. தூங்குவான், ஏன் தூங்க மாட்டான்? ராவு வேலைக்குத் தெம்பு வேணுமே! அந்தி சாஞ்சு லைட்டப் போட்டேன்னு வைங்க, தொரைக்கு டியூட்டி ஆரம்பம். தொட்டில்ல போட்டு, நாலு ஆட்டு ஆட்டி, ஆராரோன்னு வாயத் தொறந்தா... சேலைக்குள்ள இருந்து ஒரு கை வரும். பெறகு இன்னொரு கை. பெறகு தல. எந்திரிச்சு, ரெண்டு பக்கமும் சேலையப் புடிச்சுகிட்டு நிப்பான் பாருங்க, கண்டாக்கையா மலை உச்சியில நின்னு எவ கொழுந்து எடுக்குறா, எவ கத பேசுறான்னு பாக்குற மாதிரி! கீழ உக்காந்து நான் பாட்டுப் பாடணும். நிப்பாட்டுனா உறுமுவாரு.

சரி, தொட்டிலே வேணாம், பாயில போடுவோம்னு போட்டா அது அதுக்கு மேல. போட்ட கையோட பொரண்டு, தவந்து, நேரா அந்த மூலைக்குப் போயிருவான். மொதல்ல ட்ரங்குப் பொட்டி. பொட்டி மேல மாவு டின்னு. டின்னு மேல நின்னுகிட்டு சன்னல் கட்டைக்கு ஒரு கால். வருசம் திரும்பல, நடக்கத் தெரியாது, ஆனா வழி தெரியும்! தூக்கிட்டு வந்து போட்டா மறுபடி. தூக்குனா மறுபடி. எனக்கு இடுப்பு போச்சு. கொழுந்துச் சாக்கு சொமந்து போகாத இடுப்பு, இந்த ஒரு சாண் பயலத் தூக்கிப் போச்சு.

மேல் லயத்துல எங்க மாமியா இருக்காங்களே, வீரம்மான்னு... அவங்க வந்து பாத்துட்டு, "பாலு பத்தல, அதான் தூங்கல"ங்குறாங்க. பாலு பத்தாத புள்ளையா கூரையத் தொடப் பாக்குது? நான் விடல. "அத்த, இது எங்க பக்கத்து ரத்தம் இல்ல. உங்க மகன்தான் சின்னப்புள்ளயில கொய்யா மரத்துலயே குடியிருந்தாராமே, சோறு திங்க மட்டும் எறங்குவாராமே"ன்னு கேட்டுட்டேன். அன்னிக்குப் போனவங்க இன்னும் இந்தப் பக்கம் வரல. நல்லதுதான், தேயிலத்தூள் மிச்சம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. விடியக்காலையில வேலைக்குப் பேர் குடுக்க நான் பெரட்டுக்கு ஓடுற லட்சணத்தப் பாத்தீங்கன்னா சிரிப்பு வராது. ராவெல்லாம் இவனோட மல்லுக்கட்டிட்டு, கண்ணு அசந்து, எந்திரிக்கப் பிந்திருது. அங்க போய் நின்னா கண்டாக்கையா ரொம்ப மரியாதையா, "ஏம்மா, போய் நல்லாத் தூங்கு"ன்னு திருப்பி அனுப்பிர்றாரு. ரெண்டு தரம் ஆச்சு. இன்னொரு தரம் பிந்தினா பேர வெட்டிருவேன்னுட்டாரு. அவருகிட்ட என்னத்தச் சொல்றது? எம் மகன் ராவு மலையேறப் போனான், அதான் பிந்திருச்சுன்னா?

ம்? அதெல்லாம் செஞ்சு பாத்தாச்சுக்கா. சுத்திப் போட்டாச்சு, சுடுதண்ணியில குளிக்க வச்சாச்சு, வயித்துல எண்ண தேச்சாச்சு. லைட்ட அணைச்சும் பாத்தேன். இருட்டுல டின்னு சத்தம் கேக்குது! இருங்க, நீங்க பெறகு சொல்லுங்க...

முந்தாநாளு டின்னு சரிஞ்சுருச்சுக்கா. தலைகீழா வந்தான். அடுப்பு அந்தப் பக்கம்தான், கொள்ளி எரிஞ்சுகிட்டு இருக்கு. சட்டையப் புடிச்சு இழுத்துட்டேன், சட்ட கிழிஞ்சு என் கையில நிக்குது. அவன் சிரிக்கிறான். சத்தியமா எனக்குப் பயமா இருக்குக்கா. வேல போனாப் போகுது, இவனுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?

ப்ச், அத விடுங்க. இந்தக் கூத்துக்கு நடுவுல அவரு வீடியோ கோல் வேற! கொழும்புல, புறக்கோட்டையில பைஸர் மொதலாளி துணிக்கடையில நிக்கிறாரு எங்க வீட்டுக்காரரு. கட மூடுன ஒடனே எடுப்பாரு, புள்ள தூங்குறதுக்கு முன்னாடி பாத்துரணுமாம். பாக்கட்டும், வேணாங்கல. ஆனா எங்க காம்பராவுல சிக்னல் எங்க இருக்கு? பின்னாடி மண்ணு மேடு, மறைச்சுகிட்டு நிக்குது. போனக் கொண்டுபோய்ச் சுவத்து உச்சியில, உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல வச்சாத்தான் அவரு மூஞ்சி தெரியும். வெளிய நிப்போம்னா பனி, இவனுக்குச் சளி. உங்க காம்பராவுல முந்தி இருந்தவங்களோட எனக்குப் பேச்சுவார்த்தையே இல்ல. கோழிச் சண்டையில ஆரம்பிச்சது... அது பெரிய கத.

அதனால நான் என்ன செய்வேன், பொட்டி மேல ஏறுவேன். அங்கருந்து டின்னுல ஒரு கால். டின்னுலருந்து சன்னல் கட்டையில ஒரு கால். போன நிமித்தி வச்சுட்டு, "சுமன் கண்ணு, மேல பாரு, அப்பா பாரு"ம்பேன். அவரும் அங்கருந்து கையத் தட்டி, "வாடா ராசா, அப்பாகிட்ட வா, வா"ம்பாரு. தெனமும்தான். எனக்குக் கால் எட்டலன்னுதானே அந்த டின்னத் தூக்கிப் பொட்டி மேலயே வச்சேன்...

...

என்னக்கா அப்புடிப் பாக்குறீங்க?

...

பொட்டி. டின்னு. சன்னல் கட்ட.

ஐயோ சாமி!

ஏணி வச்சதே நான்தானா? நானே வச்சு, நானே தெனம் ஏறியும் காட்டி... பாவம், எங்க மாமியாவோட பரம்பரையவே மரத்துல ஏத்திவிட்டேனே! கோல் கட்டானப்புறம்கூட அந்தப் பொட்டியப் புடிச்சுகிட்டு, சுவத்து உச்சியையே அண்ணாந்து பாத்துகிட்டு நிப்பான்க்கா. பல்லியத்தான் தேடுறான்னு நெனச்சேன். ரெண்டு அடிகூடப் போட்டேன். அவன் அப்பனத் தேடியிருக்கான்.

ஒண்ணும் இல்ல... கண்ணுல தண்ணி தெறிச்சுருச்சு. நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க.

என்னது? உங்களுது கடைசிக் காம்பரா... போன் கோபுரத்துக்கு நேரா இருக்கா? உள்ள, கீழ பாயில வச்சாலே படம் தெளிவா வருதா? புள்ளயத் தூக்கிட்டு வான்னு சொல்லத்தான் ராவு சுவத்துல தட்டுனீங்களா?

நல்லாருக்கே! அப்புறம் ஏன் சொல்லல? இவ்வளவு நேரமா நிக்கிறீங்க, ஏன் சொல்லல?

...நான் எங்க பேச விட்டேன்னா?

ம்ம். அதுவும் சரிதான். வாளி வழியுது பாருங்க, எடுங்க.

டேய் சுமன், இங்க பாருடா. கேட்டியா? இன்னிக்கு நீ ஏற வேணாமாம். அப்பா கீழ எறங்கி வாராராம்டா.