ரெண்டாள் உயரத்திலிருந்து ஒரு புகார்

டிட்டிங்... டிட்டிங்... டிடிட் டிட்டிங்...

அப்பாடா, மனுஷக் குரல். ஏம்மா, அந்தப் பாட்டைப் போட்டவர் யாருன்னு மட்டும் சொல்லுங்க, கீழே இறங்கினதும் நேர்ல வந்து கும்பிட்டுட்டுப் போறேன். இருபது நிமிஷம்மா. நடுநடுவுல ஒரு அக்கா வந்து 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு சொல்லிட்டுப் போறாங்க. முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே? அப்புறம் ஒண்ணை அழுத்து, நாலை அழுத்து. எதை வச்சு அழுத்தறது? ஒரு கை பாறையைப் பிடிச்சிருக்கு, இன்னொரு கை போனைப் பிடிச்சிருக்கு. மூக்கால அழுத்தினேன். நாலுக்குப் பதிலா அஞ்சு விழுந்து, காலர் ட்யூன் வேணுமான்னு கேக்குது.

பாறைதான்மா. சரியாத்தான் காதுல விழுந்திருக்கு. ரெண்டாள் உயரம் இருக்கும். இஸ்திரி மேஜை அகலத்துக்கு ஒரு விளிம்பு, அதுல உக்காந்திருக்கேன். ஏறிட்டேன். இறங்கத்தான் வரலை. அது என் கவலை, விடுங்க. உங்க மேல என்ன புகார்னா, யாரைக் கூப்பிட்டாலும் 'இந்த எண்ணில் இந்த வசதி இல்லை'ங்குது. தம்பிக்குப் போட்டேன், இல்லை. பக்கத்து வீட்டுக்கு, இல்லை. உங்களுக்குப் போட்டா மட்டும் ஜம்முனு போகுது. அது எப்படிம்மா? என்னைக் கேக்காம என் லைனை யார் நிறுத்தினது?

நெட்டா? அது அரை மணி நேரமா வட்டம் போட்டுக்கிட்டு இருக்கு. அவசர நம்பரா... போகும்மா, போகாம இல்ல. ஆனா இந்த உயரத்துக்கு வண்டி வந்து, நாலு பேர் ஏணி வச்சு, அஞ்சாவது ஆள் அதைப் படம் பிடிச்சு... வேண்டாம். உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லை. மானத்துக்குத்தான்.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இந்தப் போனை நம்பித்தான் நான் ஏறினதே. எப்படிக் கால் வைக்கணும், எங்கே பிடிக்கணும், எல்லாம் இதுல பார்த்துக் கத்துக்கிட்டதுதான். ஏறறதுக்கு நாப்பது வீடியோ இருக்கும்மா, இறங்கறதுக்கு ஒருத்தன் போடலை. ஒரு ஆப் வேற. நமக்குத் தன்னம்பிக்கை எவ்வளவுன்னு அளந்து சொல்லுமாம். 'உயரத்திலிருந்து கீழே பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றும்?'னு கேட்டுச்சு. 'அமைதி'ன்னு போட்டேன். தொண்ணூத்திநாலு சதவீதம்னு பச்சைப் பசேல்னு காட்டுச்சு. கட்டில்ல படுத்துக்கிட்டுப் போட்ட பதில், அது வேற விஷயம். இப்ப என்னடான்னா, மூஞ்சியைக் காட்டினா திறக்கற போன், திறக்க மாட்டேங்குது. கீழே நிக்கும்போது என்னைத் தெரிஞ்சுது. பயந்த மூஞ்சியைத் தெரியலையாம். மூக்கால நம்பரை அழுத்தித்தான் திறந்தேன்.

எதுக்கு ஏறினீங்கன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, சொல்லிடறேன். என் பொண்ணு ஏறுவா. பதினேழு வயசு, பல்லி மாதிரி ஏறுவா. நாளைக்கு அவங்க கிளப்புல பெரிய சுவர்ல போட்டி. அவ வழுக்கினாத் தாங்கிக்க, கீழே வீட்டு ஆள் ஒருத்தர் கயிறு பிடிக்கணும். பிடிக்கறவங்க ஒரு தடவையாவது இந்தப் பயிற்சிப் பாறையில ஏறியிருக்கணும், அது அவங்க விதி. ஃபார்ம் வந்துச்சு. மேஜையில கிடந்துச்சு, எதேச்சையாப் பார்த்தேன். கயிறு பிடிப்பவர்னு இருந்த இடத்துல அவ சித்தப்பா பேர். என் தம்பி. செருப்பு வாரைக்கூட ஒழுங்காப் போடத் தெரியாதும்மா அவனுக்கு. அப்பான்னு ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்... அதான், யாருக்கும் சொல்லாம வந்துட்டேன். ஏறிட்டுப் போய், சாயங்காலம் சாதாரணமாச் சொல்லலாம்னு.

சொல்லுங்க, ரெக்கார்ட்ல என்ன இருக்கு? படிங்க... வியாழக்கிழமை காலையில ஏழு மணி. சரி. யாரு கூப்பிட்டது? ... எந்த நம்பர்லேர்ந்து? ... முப்பத்தெட்டு நிமிஷம் பேசினாங்களா.

இருங்க.

அது நான்தான்.

மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன்மா, ஞாபகம் வரலை. வேலை முடிஞ்சு வந்த அசதியில கூப்பிட்டது. எனக்கு ராத்திரி வேலை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இஸ்திரி போடறேன். விரிப்பு, தலையணை உறை, டாக்டருங்க கோட்டு. அந்த நீராவிச் சத்தத்துல பேச ஆள் கிடையாது. வீட்டுல நாங்க ரெண்டே பேர், அதனால பாப்பாவைக் கூப்பிடுவேன். 'படிச்சியா'ம்பேன். அரை மணி கழிச்சு, 'பால் குடிச்சியா'. அப்புறம் 'கதவைப் பூட்டினியா'. ஒருநாள் சொன்னா, 'அப்பா, நீங்க அங்கேர்ந்து பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கற மாதிரி இருக்கு. என் மேல நம்பிக்கையே கிடையாதா?' கோபமாகூடச் சொல்லலை. கோபமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். இனிமே அவளைக் கூப்பிடவே முடியக்கூடாதுன்னு, விடிஞ்சதும் உங்களைக் கூப்பிட்டு வெளியே போற கால் எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னேன். 'எல்லாத்தையுமா?'ன்னு அந்தப் பையன்கூட ரெண்டு தரம் கேட்டான். பெரிய இவன் மாதிரி 'ஆமாம்பா'ன்னேன்.

சரி, இப்ப எடுத்துவிடுங்க. பிறந்த தேதி, முகவரி, எது வேணும்னாலும் கேளுங்க, அசையாம உக்காந்து பதில் சொல்றேன். ... ஆமா. ... அதேதான். ... ஆயிடுச்சா? இவ்வளவுதானா?

வச்சுடாதீங்க, ஒரு நிமிஷம். தம்பியைக் கூப்பிட்டா வருவான். ஏணியோட வருவான், ஏணிக்குப் பின்னாடி தெருவே வரும். அப்புறம் நாளைக்கு மட்டுமில்ல, சாகறவரைக்கும் அவன்தான் கயிறு பிடிப்பான். பாப்பாவைக் கூப்பிட்டா, வந்து என்னைப் பார்ப்பா. இந்த மூஞ்சியைப் பார்ப்பா. நீங்களே சொல்லுங்க, உங்க அப்பா இப்படி உக்காந்திருந்தா நீங்க...

ஹலோ? ஹலோ, அம்மா?

'எங்கள் சேவை பிடித்திருந்தால் ஐந்தை அழுத்தவும்'. போயிட்டாங்க. நல்ல பொண்ணு. அஞ்சு போட்டாச்சு.

ரிங் போகுது.

பாப்பா, அப்பாதான். ... இல்ல, படிச்சியான்னு கேக்க இல்ல. பூட்டுக்கும் இல்ல. நான் உங்க பயிற்சிப் பாறையில இருக்கேன். ... பக்கத்துல இல்ல, மேலே. ... சிரிச்சு முடிச்சுட்டே சொல்லு, நான் எங்கேயும் போக மாட்டேன். ... தனியாத்தான். தப்புதான். ... நடுங்குதும்மா. ரெண்டு காலும். ஏறும்போதே நடுங்குச்சு.

சரி, கீழே பார்க்கலை. பாறையைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன். உன் கயிறை எடுத்துட்டு வா. சித்தப்பா வேண்டாம், நீ பிடி. பின்பக்கமா மேலே போய் அந்த இரும்பு வளையத்துல கயிறை மாட்டி... சரி, சரி. உனக்குத் தெரியும். நான் சொல்லலை.

நாளைக்கா? அதை நீதான் சொல்லணும். ... என்னது? ... சித்தப்பா பேரை அடிச்சுட்டு என் பேரைப் போடறியா? நிஜமாவா சொல்றே? எதுக்கு, ஏறினதுக்கா? ... ஓ. நடுங்குதுன்னு வாயைத் திறந்து சொன்னதுக்கா. அது தெரிஞ்சிருந்தா வீட்டுலயே சொல்லியிருப்பேனே, இவ்வளவு தூரம் ஏறியிருக்க வேண்டாம்.

வா, அவசரமில்லை. பார்த்து வா. வரும்போது கொடியில துணி காயுது, அதை மட்டும் எடுத்துக் கட்டில்ல போட்டுட்டு வா. மடிக்க வேண்டாம். வந்து நான் மடிச்சுக்கறேன்.