ஒரு பக்கக் கிராப்பு

– ஆடாதீங்க. காது போயிடும்.

– போனா போகட்டும், நீ திட்டுறதுல பாதிதான் கேக்கும்... சீக்கிரம்மா. மேனேஜர் காத்துக்கிட்டிருப்பார்.

– இருக்கட்டும். உங்களை விட்டா அவருக்கு வேற ஆளு ஏது?

– அதான் குழுத் தலைவர் பதவியே குடுக்கிறார். போய் ‘சரி’ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்.

– சொல்லித்தான் ஆகணுமா?

– மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?

– இல்ல... சும்மா கேட்டேன். தலையைக் குனிங்க.

– ஞாயித்துக்கிழமையில இருந்து சும்மாவேதான் கேக்கிறே. முதல்ல என் முதுகுவலின்னே. அப்புறம் ஊர் ஊரா சுத்தணும்னே. நேத்து என்னடான்னா, தலைவர்னா டை கட்டணும், உங்க கழுத்துல டை நிக்காதுன்னே.

– நிக்காதுதான். உங்களுக்குக் கழுத்து எங்க இருக்கு?

– இத்தனை வருஷமா கிராப்பு வெட்டுறே, இன்னிக்குத்தான் தேடினியா?

– தினமும் தேடுறேன், கிடைக்கலை... வேண்டாம்னு சொல்லிடுங்களேன்.

– ஏன்?

– எனக்குப் பிடிக்கலை.

– அட, உன் கம்பெனி கம்ப்யூட்டர் செய்யுது. அதுக்குள்ள வைக்கிற ப்ராசஸரை என் கம்பெனி செய்யுது. உங்களுக்கு அந்த சிப்பைக் குடுக்கிற குழுவுக்கே நான் தலைவர். பொண்டாட்டி ஆபீசுக்கு இனிமே நான்தான் சப்ளை. பெருமையா இருக்க வேண்டாமா?

– ஆபீஸ் பேச்சு எல்லாம் செருப்பு ஸ்டாண்டோட சரி. வீட்டுக்குள்ள கிடையாது. நீங்க போட்ட சட்டம்தானே?

– ரெண்டு பேரும் சேர்ந்து போட்டது. ரெண்டு கம்பெனிக்கும் ரகசியம் காப்போம்னு கையெழுத்துப் போட்டவங்களாச்சே... ஆனா ஒண்ணு, பதவி வேண்டாம்னு நீ சொல்றது ஆபீஸ் பேச்சா, வீட்டுப் பேச்சா?

– அசையாதீங்க, காதுகிட்ட வந்திருக்கேன்.

– கேக்கிறேன்ல?

– வீட்டுப் பேச்சு. கண்ணை மூடுங்க, முடி விழும்.

– தலைவலின்னு லீவு போட்டே. தலைவலிக்காரி யாராவது காலங்காத்தால கத்தரியைத் தூக்கிக்கிட்டு வந்து, உட்காருங்கன்னு மிரட்டுவாளா?

– இந்தப் பரட்டைத் தலையோட தலைவராப் போய் நின்னா என்னைத்தானே சிரிப்பாங்க?

– அப்ப வெட்டு. வெட்டுறதைவிட சீவுறதுதான் அதிகமா இருக்கு. சீப்பாலயே தடவிக்கிட்டு இருக்கே.

– அவசரப்பட்டா கோணலாயிடும்.

– ஒருதடவை சரின்னுட்டா மூணு வருஷத்துக்கு வேற குழுவுக்கு மாற முடியாது, சொன்னேன்ல? உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான்.

– தெரியும். அதனாலதான்...

– அதனாலதான்?

– அதனாலதான் நிதானமா யோசிங்கன்னு... அய்யய்யோ!

– என்ன அய்யய்யோ?

– ஒண்ணுமில்ல.

– ஒண்ணுமில்லாததுக்கு ஒருத்தி இப்படிக் கத்துவாளா? கண்ணாடியைக் குடு.

– கண்ணாடி எதுக்கு... கொஞ்சம் மேல ஏறிடுச்சு.

– கொஞ்சம்னா?

– காதுக்கு மேல... சின்னதா ஒரு மைதானம்.

– மைதானமா!

– முடிதானே? வளர்ந்துடும்.

– மேனேஜர் முன்னாடி இப்படியே போய் நிக்கவா?

– நிக்காதீங்க. நாளைக்கு வர்றேன்னு சொல்லுங்க. நாளைக்குப் போதும்.

– நாளைக்குள்ள வளர்ந்துடுமா?

– அது இல்ல... நாளைக்கு நீங்களே...

– நானே?

– ஒண்ணுமில்ல.

– வேணும்னே வெட்டினியா?

– சத்தியமா இல்ல... பாதி சத்தியம்.

– முதல்ல கத்தரியைக் கீழ வை.

– மாட்டேன். வச்சா எழுந்து போயிடுவீங்க.

– சரி, வைக்காதே... உன் போன் அடிக்குது.

– அடிக்கட்டும்.

– விடாம அடிக்குதும்மா. மெசேஜ் மேல மெசேஜா வந்து விழுது. எடுத்துப் பாரு.

– எனக்குப் பாக்கத் தைரியமில்ல. நீங்க பாருங்க. இப்ப... இப்ப நீங்க பாக்கலாம்.

– குடு. உங்க கம்பெனி அறிவிப்பு... ‘எங்கள் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் இனி நாங்களே வடிவமைத்த ப்ராசஸரில் இயங்கும். இரண்டு ஆண்டுகளில் முழுமையாக மாறிவிடுவோம்...’ ம்.

– ‘ம்’மா? அவ்வளவுதானா? உங்க சிப் இனிமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நீங்க தலைவராகப் போற குழுவே இருக்காது. புரியுதா, இல்லையா?

– நல்லாவே புரியுது. இதுல உன் வேலை என்ன?

– உங்க சிப்புக்குன்னு எழுதின பழைய ப்ரோக்ராம் எல்லாத்தையும் புது சிப்புல ஓட வைக்கிறது. வாங்கினவங்களுக்கு உள்ள எதுவும் மாறின மாதிரியே தெரியக் கூடாது. ரெண்டு வருஷமா அதைத்தான் செய்யறேன். உங்க பக்கத்துலயே படுத்துக்கிட்டு, உங்க பொழைப்புலயே மண்ணை அள்ளிப் போட்டிருக்கேன்.

– ஓடுதா?

– என்னது?

– பழசெல்லாம் புதுசுல ஓடுதான்னு கேக்கிறேன்.

– ஓடுது. சிலது... உங்க சிப்புல ஓடினதைவிட வேகமா ஓடுது.

– அடிப்பாவி!

– சிரிக்காதீங்க. எனக்கு அழுகையா வருது. நீங்க பதவி பதவின்னு குதிக்கும்போதெல்லாம் சொல்லவும் முடியாம, மெல்லவும் முடியாம... என் மேல கோபமே வரலையா உங்களுக்கு?

– அது போன மழைக்காலத்துலயே வந்து போயிடுச்சு.

– என்னது? முன்னாடியே தெரியுமா? நான் தூக்கத்துல ஏதாவது உளறினேனா?

– நீ குறட்டைதான் விட்டே. உளறினது உங்க கம்பெனி.

– எங்க கம்பெனியா?

– வாரா வாரம் அங்கயிருந்து எங்களுக்குப் புகார் வரும். சூடாகுது, பேட்டரியைத் தின்னுது, சொன்ன நேரத்துக்கு வரலைன்னு கிழிகிழின்னு கிழிப்பாங்க. அதுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி முடி நரைச்சது. திடீர்னு நின்னுபோச்சு. அடுத்து வரப்போற சிப்போட மாதிரியை அனுப்பினோம். ஒரு குறைகூட வரலை. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே குஷி. எனக்கு மட்டும் சந்தேகம் வந்துச்சு. கூடவே இருக்கப் போறவங்கதானே குறை சொல்லுவாங்க?

– உங்க மேனேஜர்கிட்ட சொல்லலையா?

– சொன்னா, ‘உன் வீட்டுக்காரி சொன்னாளா’ன்னுதான் முதல் கேள்வி வரும். நானா கண்டுபிடிச்சேன்னா எவன் நம்புவான்? அன்னிக்கே உன் வேலை போயிருக்கும்.

– அதுக்காக... தெரிஞ்சே அந்தப் பதவிக்குச் சரின்னு சொல்லக் கிளம்பினீங்களா? உங்களுக்கு என்ன பைத்தியமா?

– யார் சொல்லக் கிளம்பினது? திங்கக்கிழமையே வேண்டாம்னுட்டேன். காருக்கு சிப் செய்யற குழுவுல இடம் கேட்டிருக்கேன். அங்க தலைவர் எல்லாம் இல்ல, சாதா ஆளுதான்.

– அதை என்கிட்ட சொன்னா என்னவாம்? நான் கிடந்து தவிச்சதைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க!

– சொன்னா ஏன்னு கேப்பே. நான் காரணத்தைச் சொன்னா, ஒண்ணு நீ இல்லைன்னு பொய் சொல்லணும், இல்ல ஆமான்னு சொல்லி வேலைக்கு உலை வச்சுக்கணும். எதுக்கு உன்னை அந்த இடத்துல நிறுத்தணும்?

– அப்ப இந்த மேனேஜர் காத்திருக்கார், சரின்னு சொல்லணும்... விடியும்போதே உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டது... இதெல்லாம்?

– நானும் லீவுதான். உங்க கம்பெனி இன்னிக்கு ஏதோ அறிவிக்கப் போகுதுன்னு ஊருக்கே தெரியும், என்னன்னுதான் தெரியாது. அது வர்ற நேரத்துல நீ தனியா இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு. கூட இருக்கேன்னு சொல்லியிருந்தா, வேலையைப் பாருங்கன்னு துரத்தியிருப்பே... போறேன்னு சொன்னேன், பிடிச்சு உட்கார வச்சுட்டே.