கீழ்த்தட்டு நீர்நாய்

இல்ல தம்பி, மேல்தட்டுல இருக்கறத தாராளமா வெளிய எடுத்து வைங்க. கீழ்த்தட்டுல இருக்கற கவரை மட்டும் தொடாதீங்க. அது இளகறதுக்குள்ள ஃப்ரீசர் ஓடணும், அவ்வளவுதான். கம்ப்ரசரா? மாத்திடுங்க, பரவால்ல.

பயப்படாதீங்க, அது ஆந்தை. இது நரிக்குட்டி. எல்லாம் ரோட்ல அடிபட்டுச் செத்ததுதான், நாங்க எதையும் கொல்றதில்ல. நான் யுனிவர்சிட்டில ப்ரொஃபசர். காட்டு ஜீவனுங்க வயித்துல இருக்கற புழுவைப் பத்திதான் படிச்சேன், டாக்டர் பட்டமும் அதுலதான். சிரிங்க, ஒண்ணுமில்ல. எங்கம்மாவே, பொண்ணு டாக்டருன்னு மட்டும் சொல்லிட்டுப் பேச்சை மாத்திடுவாங்க.

புழு இருந்தா நோயின்னுதானே நினைப்பீங்க? அப்படி இல்ல. நீர்நாய் குடல்ல இருக்கே ஒரு புழு, அது முதல்ல நத்தையில வளரும், அப்புறம் மீன்ல, கடைசியாத்தான் நீர்நாய்க்கு வரும். வயிறு சுத்தமா இருந்துச்சுன்னா ஆத்துல ஏதோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். இதையே சொல்லிச் சொல்லி, பாலத்துக்குக் கீழ நீர்நாய்ங்க நடந்து போக ஒரு திட்டு கட்ட வச்சேன். ஆனா மழையில தண்ணி ஏறினா திட்டு முங்கிடும். அப்ப அதுங்க ரோட்டுக்கு ஏறிடும்.

எங்க வீட்டுக்காரரா? அவர் பேங்க்ல வேலை. புழுன்னாலே மூஞ்சியைச் சுளிப்பார். ஆனா கல்யாணத்துக்குக் கிளம்பினாக்கூட வண்டியில கவரும் கையுறையும் இருக்கும். ரோட்ல எது கிடந்தாலும் எனக்காக நிறுத்தி எடுத்துட்டு வருவார். என் நாத்தனார் ஒருதடவை ஐஸ் எடுக்கறேன்னு இதைத் திறந்துட்டா. அதோட இந்த வீட்ல பச்சத்தண்ணி குடிக்கறதில்ல அவ.

கீழ்த்தட்டுல இருக்கற நீர்நாயை இன்னும் அறுத்துப் பாக்கல, பாக்கணும். இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டே வரேன். எங்க கிடைச்சது, என்னைக்குன்னு அவர்தான் கவர் மேல எழுதுவார். இதுல எழுதல.

சாரா? சார் இப்ப இல்லப்பா. போன மழையில, பாலத்து மேல இது கிடந்திருக்கு. கவர்ல போட்டு முடிச்சும் போட்டுட்டார். நிமிரறதுக்குள்ள லாரி வந்துடுச்சு. நான் போய்ச் சேர்றப்ப அவரை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குன்னாங்க, ஆனா பிணவறைக்குத்தான். போலீஸ்காரர் அவரோட கண்ணாடி, போன், இந்தக் கவர், மூணையும் என் கையில குடுத்தார்.

எனக்கு ஒண்ணும் தோணல. இப்பவும் தோணல.

வெளிய இருந்தா குடல் சீக்கிரம் அழுகிடும் தம்பி, புழு எதுவும் தேறாது. அதான் நேரா வீட்டுக்கு வந்து இதை உள்ள வச்சிட்டு, அப்புறம்தான் அவரைப் பாக்கப் போனேன்.

சுவிட்ச் போட்டுப் பாக்கலாமா?