அலாரம் தயார்

உத்திரமேரூர் பக்கம் கரன்ட் போவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, சார். போகும், வரும். வரும்போது என்ன நடக்க வேண்டும் என்பதைத்தான் நான் எழுதினேன்.

சாலவாக்கம் ரோட்டில் புருஷோத்தமன் முதலாளியின் கோல்டு ஸ்டோரேஜ். மிளகாய், புளி மூட்டைகள். குளிரூட்டுவது அமோனியா வாயு. அது கசிந்தால் சைரன் அலற வேண்டும், காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஓட வேண்டும். அதற்கென்று ஒரு கம்ப்யூட்டர். கரன்ட் வந்து அது எழுந்ததும் முதலில் படிப்பது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். எதை எப்போது ஓட்ட வேண்டும் என்று சொல்லும் இருபது வரி. அதுவும் சென்சாருமாக எனக்கு மூன்று மாத உழைப்பு. பாஸ்கர் கூட இருந்தான். ஐ.டி.ஐ.யிலிருந்தே ஒரே பெஞ்ச், ஒரே டிபன் டப்பா.

திறப்பு விழாவில் சால்வை அவனுக்கு. எல்லாம் தான் ஒருத்தனே செய்தது என்று மைக்கில் சொன்னான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். மறுவாரம் அவன் மேனேஜர். இனி நான் வர வேண்டாம் என்று அவனே சொல்லியனுப்பினான். பஸ் ஸ்டாண்டு அருகே என் செல்போன் ரிப்பேர் கடைக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான்.

"கோச்சிக்காத ஆல்வினு. உன் பேரைச் சொன்னா மட்டும் முதலாளி உன்னை வூட்டுக்குள்ள சேர்த்துடப் போறாரா இன்னா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். பிரியாணி நன்றாகவே இருந்தது.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தவன், திரையில் முதலாளி பெயர் வரட்டும் என்று ஸ்கிரிப்டையும் திறந்திருக்கிறான். புது வரியைச் சேர்க்கும்போது, திறந்த நிபந்தனையை மூடும் வரி ஒன்று அழிந்துவிட்டது. மறுநாள் கரன்ட் போய் வந்தபோது ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றது. போட்டோ எடுத்து அனுப்பினான். பார்த்தவுடனே தெரிந்தது. அந்த வரியைத் திரும்பப் போட்டால் போதும்.

"மச்சி, முதலாளி வர்ற நேரம். பேஜாராப் போச்சுடா. இன்னா பண்ணட்டும்?"

கடைசி வரியைத் தவிர எல்லா வரிக்கும் முன்னால் ஒரு ஹாஷ் குறி போடச் சொன்னேன். அந்தக் குறி இருந்தால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காது. கடைசி வரி, திரையில் 'அலாரம் தயார்' என்று காட்டுவது மட்டும்.

"வந்துச்சுடா! தயார்னு கீது. நீ தெய்வம்டா."

எரர் போய்விட்டது. அவன் கேட்டது அவ்வளவுதானே.

பதினோரு நாள் அப்படியே இருந்தது. தினமும் போனைப் பார்ப்பேன். எழுதினது ஆல்வின்தான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், அந்த நிமிஷமே கிளம்பிப் போய் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்திருப்பேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை.

மூன்று பேர் செத்தார்கள் என்கிறீர்கள். நான் நினைத்தது ஒருத்தனை. செவ்வந்தி எங்கள் தெருதான். ஜெயம்மாளைப் பார்த்ததுகூட இல்லை. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என்ன பேசினோம் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

"ஆல்வினு, உள்ள கண்ணு எரியுதுடா. ஆனா சைரன் அடிக்கல. செவ்வந்தியும் ஜெயம்மாளும் மூட்டை அடுக்கிக்கினு கீறாங்க. வெளிய கூப்ட்டுடவா?"

"திரையில என்ன காட்டுது?"

"தயார்னுதான் கீது."

"அப்ப மிளகா நெடிடா. வேலையைக் கெடுக்காத. சந்தேகமா இருந்தா நீயே உள்ள போய்ப் பாரு."

"நீ சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

என் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தவன், சார். அதை ஒரே ஒரு தடவை முதலாளி காதில் போட்டிருந்தால், அவன் உயிரை அவனே காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.