கட்டிலுக்கு மேலே ஒரு பலகை

— அறையைப் பாக்கக் கூப்பிட்டா ஏன் வாசல்லையே நிக்கிறியள்? உள்ளுக்கை வாங்கோ. காலிலை கிடக்கிற மண்ணைத் தட்டிப்போட்டு வாங்கோ, பாய் இப்பதான் இழைச்சு முடிச்சனான்.

— வந்ததும் வராததுமாத் தொடங்கிட்டீரோ, ஜெனீற்றா? விடியத் துவங்கி நெடுந்தீவுக் கடல் முழுக்க அலைஞ்சுபோட்டு வாறன். முதல்லை ஒரு வாய் தண்ணி தாரும்.

— இந்தாங்கோ. இண்டைக்கும் ஒண்டும்...?

— ஒண்டுமில்லை. ஆறு நாளாச்சு. பன்னிரண்டு வள்ளம் போய்த் தேடியும் றெக்ஷனையும் காணேல்லை, அவன்ரை வள்ளத்தையும் காணேல்லை. ‘ஜெகதீஸ், போதும், திரும்புவம்’ எண்டு பக்கத்து வள்ளத்திலை வந்த சுலக்சன் சொன்னாப்பிறகுதான் திருப்பினனான். நாளைக்குக் குறிகட்டுவான் பக்கம் பாப்பம் எண்டு மீனவர் சங்கத்திலை கதைச்சிருக்கிறம்.

— மாதாவே, றெக்ஷனைக் காட்டித் தா. உங்கடை தங்கச்சி கோயிலாலை வாறதுக்குள்ளை முகத்தைக் கழுவுங்கோ. புருசனைக் காணேல்லை எண்ட அண்டைக்கு இஞ்சை வந்தவள், இன்னும் ஒழுங்காச் சாப்பிடேல்லை. வெறும் சுவரையே பாத்துக்கொண்டு இருந்தாள். அதுதான் இந்தச் சுவரை மாத்தினனான்.

— இதெல்லாம் எங்காலை?

— ஒரு சாமானும் கடையிலை வாங்கேல்லை. யன்னல் திரை என்ரை பழைய பச்சைச் சீலை. உங்கடை அறுந்த வலையிலை சோகிச் சிப்பியளைக் கட்டித் தொங்கவிட்டனான். ஜாம் போத்தலுக்குள்ளை மெழுகுதிரி. கனடாக்காரர் கட்டிற வீடெல்லாம் உள்ளுக்கை ஒரே வெள்ளை, ஆஸ்பத்திரி மாதிரி. இஞ்சை பாருங்கோ, வள்ளத்துக்கு அடிச்சு மிஞ்சின பெயின்ற்றிலை ஒரு சுவர் நீலம், ஒரு சுவர் மஞ்சள். ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு விதம்.

— விசரோ உமக்கு? இப்படிக் கிடக்கிறவளுக்கு யன்னல் திரையே இப்ப முக்கியம்?

— கோவிக்காதேங்கோ. கை சும்மா இருந்தா மனம் கண்டதையும் யோசிக்குது. நீங்கள் கடலுக்குப் போற ஒவ்வொரு நாளும் நீங்களும் வராமல் விட்டிடுவியளோ எண்டு எனக்குப் பயம்.

— சரி, சரி, அழாதையும். வடிவாத்தான் கிடக்கு. அதென்ன, கட்டிலுக்கு மேலை?

— தட்டு. அந்தோனியார் சுரூபம் வைக்க அடிச்சனான். காணாமல் போனதைக் காட்டித் தாறவரெல்லே. சிவப்பு நிறம் எடுப்பா இருக்கெல்லே?

— ஜெனீற்றா, சுரூபத்தைத் தூக்கும்.

— ஏன்?

— தூக்கும் எண்டு சொல்லுறன்.

— தூக்கிட்டன். ஏனப்பா இப்படிக் கிட்டப்போய்ப் பாக்கிறியள்?

— இந்தக் கீறல் எல்லாம் ஆர் போட்டது? நீரோ?

— இல்லை, அது பலகையிலை இருந்தது. பூவேலை மாதிரி வடிவாக் கிடந்துது. அந்த இடத்தை மட்டும் உரஞ்சாமல், பெயின்ற் அடிக்காமல் விட்டனான்.

— இது பூவேலை இல்லை. தூண்டிலுக்கு இரை வெட்டேக்கை கத்தி விழுந்த அடையாளம். பாரும், எல்லாம் இந்தப் பக்கம் சரிஞ்சு கிடக்கு. நான் வெட்டினா அந்தப் பக்கம் சரியும். இது இடக்கைக்காரன் வெட்டினது.

— சொல்லாதேங்கோ.

— எங்கடை துறையிலை இடக்கையாலை வெட்டுறவன் ஒருத்தன்தான். பத்து வருசம் அவன் இதிலை வைச்சு வெட்ட வெட்ட, நான் தூண்டில்லை கொழுவினனான். இது றெக்ஷன்ரை வள்ளத்துக் குறுக்குப் பலகை.

— ஐயோ, அந்தோனியாரே! அவளின்ரை தலைமாட்டிலையோ கொண்டுபோய் அடிச்சு வைச்சனான்! மூண்டு நாளா அவள் இதுக்குக் கீழைதானே படுத்தெழும்புறாள்!

— மெல்லக் கதையும். எங்கை எடுத்தனீர்?

— பூவரசடியிலை. நான் நாளும் சோகி பொறுக்கப் போற வழியிலை. கரை ஒதுங்கின போத்தல், மிதப்பு, பலகை எல்லாம் எடுத்து வாறனான்தானே, அப்படித்தான் இதையும் எடுத்தனான். கரையிலை ஒதுங்கிக் கிடக்கிற சாதாளைப் பாசிக்கும் மேலை, நல்லாக் காய்ஞ்சு கிடந்துது.

— பூவரசடியிலையோ? இப்ப வீசுற காத்துக்கு எங்கடை கரையிலை ஒரு தும்பும் ஒதுங்காதே.

— காத்தை விடுங்கோ. இப்ப என்ன செய்யிறது?

— வள்ளத்துத் துண்டு கிடைச்சா சங்கத்துக்குக் காட்டவேணும். காட்டினா என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியும்.

— கோயில் மணி அடிப்பினம். நாளைக்கு ஒரு வள்ளமும் தேடப் போகாது, எல்லாரும் செத்தவருக்கெண்டு பூசைக்குப் போவினம். குருசுமுத்தண்ணைக்கும் அப்படித்தானே, ஒரு துடுப்புக் கிடைச்சதோடை விட்டிட்டினம்.

— அதுதான் பாக்கிறன். காட்டினா அவனை நானே சாக்காட்டின மாதிரி. காட்டாமல் விட்டா, பன்னிரண்டு வீட்டு ஆம்பிளையளைத் தெரிஞ்சுகொண்டே இந்தக் கடலுக்குள்ளை தள்ளின மாதிரி. நேற்றும் சுலக்சன்ரை வள்ளம் கவிழப் பாத்துது. எனக்கு ஒண்டும் யோசிக்க ஏலாமல் கிடக்கு.

— பிறகு யோசிப்பம். முதல்லை இதைக் கழட்டுங்கோ. பூசை முடிஞ்சு சனம் போகுது. அவள் வந்து கண்டாளெண்டா நெஞ்சு வெடிச்சுப் போவாள்.

— எத்தினை ஆணி அடிச்சனீர்? அசையுதேயில்லை.

— ஆறு. சுரூபம் விழுந்தா அபசகுனம் எண்டு... ஐயோ, படலை சத்தம் கேக்குது!

— துணி ஏதும் தாரும், மூடுவம்.

— யன்னல் சீலையைத்தான் உருவவேணும்... கெதியாப் பிடியுங்கோ!

— அண்ணை, கட்டிலிலை ஏறி நிண்டு என்ன செய்யிறியள்?

— ஒண்டுமில்லை, நிலக்சனா. இந்தத் தட்டு ஆடுது. உன்ரை தலையிலை விழுந்திடும். வேறை ஒண்டு அடிச்சுத் தாறன்.

— ஆடாது அண்ணை. நான் படுக்கமுந்தி நாளும் தொட்டுப் பாக்கிறனான்.

— உன்ரை அண்ணைக்கு அந்தச் சிவப்புப் பிடிக்கேல்லையாம், பிள்ளை. நீ குசினிக்குப் போ, தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன். ஆறப்போகுது.

— மச்சாள், யன்னல் சீலையை ஏன் கழட்டினனியள்?

— உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், பிள்ளை, கொஞ்சம் வெளியிலை போ.

— அண்ணை, நாளைக்கும் வள்ளங்கள் போகுமோ?

— போகும்.

— என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.

— ஓம், போகும். குறிகட்டுவான் பக்கம் போறம். ஏன் இப்ப அழுகிறாய்?

— அப்ப அந்தப் பலகையிலை கை வையாதேங்கோ. அவர் வராத அடுத்த நாள் விடிய, அங்காலைக் கல்லுக்கரையிலை நான்தான் அதைக் கண்டெடுத்தனான். எரிக்க மனம் வரேல்லை. திரும்பக் கடல்லை போட்டா ஆரும் எடுத்துச் சங்கத்திலை குடுத்திடுவினம், அதோடை தேடுறதையும் விட்டிடுவினம் எண்டு பயம்.

— என்னடி சொல்லுறாய், நிலக்சனா?

— மச்சாள் எதை எடுத்தாலும் உரஞ்சி நிறத்தை மாத்திப்போடுவா எண்டு தெரியும் அண்ணை. அதுதான் அவ போற வழியிலை பூவரசடியிலை கொண்டுபோய்ப் போட்டனான். எல்லாத்தையும் மறைச்சனியள் மச்சாள், அந்தக் கீறலை மட்டும் ஏன் விட்டனியள்?