டாக்டர் துரைராசு ஒப்புக்கொண்ட தவறு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் வீரையன் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கம்மாள் அம்மா அவர்களே, நடவைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் ரசியா பேகத்தின் வணக்கம். பதினான்கு வருடங்களுக்கு முன்னால் டாக்டர் துரைராசு அவர்களிடம் நர்சாகச் சேர்ந்தேன். அவர் பேசுவார், நான் பக்கத்தில் நிற்பேன். இன்று அவர் இல்லாமல் நான் பேச வேண்டியிருக்கிறது.

இரங்கல் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லலாமா என்று சிலருக்குத் தோன்றும். சொல்லாமல் டாக்டரைப் பற்றிப் பேச முடியுமா? அவர் தன் வாழ்க்கையைக் கொடுத்தது பவுத்திர நோய்க்கு. ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வரும், பழுத்து உடையும். ஆறிவிட்டது என்று நினைப்போம். ஆனால் உள்ளே குழாய் மாதிரி ஒரு துளை நின்றுவிடும். சீழ் கசிந்துகொண்டே இருக்கும். மேலே பச்சிலை வைத்து மறைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் டாக்டர் ஒன்றுதான் கேட்பார். "வரப்புல நண்டு வளை இருக்கு. வெளி வாயை மட்டும் மண்ணு வச்சு அடைச்சா தண்ணி நிக்குமா? சொல்லுங்க."

இந்த ஞானம் அவருக்கு எளிதில் வந்ததல்ல. அறுபத்தேழில் அவர் நம் பூதலூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவர். பொன்னுத்தாய் என்ற நடவு வேலை செய்யும் பெண் பவுத்திரத்தோடு வந்தார். துளையைத் திறந்து விட்டால் ஆறும் என்று டாக்டர் ஒரே வெட்டில் திறந்தார். கத்தியை எடுத்துக் கொடுத்தவள் நான். துளை, மலத்தை அடக்குகிற தசைக்கு நடுவே போயிருந்தது. தசை அறுந்துவிட்டது. புண் ஆறியது. ஆனால் அடக்கும் சக்தி போய்விட்டது. அந்த அம்மா நடவுக்குப் போவதை விட்டார். கோயிலுக்குப் போவதை விட்டார். மனிதர்கள் பக்கத்தில் உட்காருவதையே விட்டார்.

விதி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்? டாக்டர் அவர் குடிசைக்குப் போனார். நானும் கூடப் போனேன். தெருவே கூடி நின்றது. அத்தனை பேர் முன்னாலும் கைகட்டி நின்று சொன்னார்: "இது உங்க நோவு இல்லம்மா. நான் வெட்டுன தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

பொன்னுத்தாய், "அய்யா, இன்னொருத்திக்கு இப்படிப் பண்ணிப்புடாதீங்க" என்றார். அவ்வளவுதான்.

டாக்டர் அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் தசையைத் தைக்க வைத்தார். பாதிதான் சரியானது. அதன்பிறகு, தசைக்கு நடுவே போகிற துளையை அவர் ஒரே வெட்டில் வெட்டியதே இல்லை. துளைக்குள் நூல் கோர்த்து வாராவாரம் கொஞ்சம் இறுக்குவார். நூல் மெல்ல மெல்ல அறுக்கும், அறுத்த இடம் பின்னாலேயே ஆறிக்கொண்டு வரும். மாதக்கணக்கில் ஆகும். அவர் பொறுமையாக இருந்தார்.

அப்படி நூல் போட்டுக்கொண்டவர்களில் ஒருவர் நம் தலைவர். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். கூலிப் போராட்டத்தில் மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கிய வருடம் அது. வீரையன் அண்ணன் வார்டில் படுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் கைது செய்ய வந்தார்.

"இவர் உடம்புல நூல் இருக்கு. அது அறுந்து விழுற வரைக்கும் இவர் என் ஆளு" என்றார் டாக்டர்.

பதினைந்தாம் நாள் டாக்டருக்குப் பேராவூரணிக்கு மாற்றல் வந்தது. அன்று மாலையே அண்ணனைக் கைது செய்தார்கள். ஆனால் நடந்தது என்ன? வியாழன்தோறும் டாக்டர் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து, சப் ஜெயில் வாசலில் நின்றார். விட்ட நாளும் உண்டு, விரட்டிய நாளும் உண்டு. ஒன்பதாவது வாரம் நூல் அறுந்து விழுந்தது. அண்ணனுக்கு அடக்கும் சக்தி அப்படியே இருந்தது. டாக்டர் ஜெயில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்று அண்ணன் என்னிடம் சொன்னார்.

பிறகு சர்க்கார் வேலையை விட்டுவிட்டு, பூதலூருக்கே திரும்பி வந்து இரண்டு அறையில் வைத்தியம் பார்த்தார். நானும் பின்னாலேயே வந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். பதினோராவது நோயாளியைப் பார்த்துவிட்டுக் கை கழுவினார். நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வேர்த்திருந்தது.

"சிஸ்டர், நெஞ்சு அடைக்குது. வெளியில எத்தனை பேரு?"

"மூணு பேரு சார். நீங்க படுங்க."

"அவங்கள அனுப்பிடாதீங்க. வெக்கத்த விட்டுட்டு வந்தவங்க. இன்னிக்குப் போனா திரும்ப வரமாட்டாங்க."

அதற்குமேல் அவர் பேசவில்லை. நான் வண்டி தேடி ஓடினேன், ஆட்களைக் கூப்பிட்டேன். தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தேன். அந்த மூன்று பேரும் போய்விட்டிருந்தார்கள்.

மறுநாள் டாக்டர் வீட்டுக்குப் பொன்னுத்தாய் வந்தார். பதினான்கு வருடங்களாகக் கூட்டத்தில் உட்காராதவர். காலையிலிருந்து உடல் எடுக்கும்வரை பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். இடையில் நான் குனிந்து, "அக்கா, பின்னால போயிட்டு வரலாமா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்மா. இன்னிக்கு எனக்கு வெக்கம் இல்ல" என்றார்.

எனக்கு இதற்குமேல் புகழத் தெரியாது. ஓர் உறுதி மட்டும் சொல்லத் தெரியும். தஞ்சாவூரிலிருந்து டாக்டர் கமருன்னிஸா வியாழன்தோறும் வருவதாகச் சம்மதித்திருக்கிறார். நூல் இறுக்கிக்கொள்ள வேண்டியவர்கள் பத்தொன்பது பேர். ஒருவரையும் பாதியில் விடமாட்டோம்.

அந்த மூன்று பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் கையைத் தூக்க வேண்டாம், பேரைச் சொல்ல வேண்டாம். வர்ற வியாழக்கிழமை காலையில வாங்க. வாசல்ல நான் நிக்கிறேன்.